கை படாத கையெழுத்து

சித்ரலேகா ஏரலில் ஓர் அச்சகத்தில் கணினியில் வேலை பார்க்கிறாள். இரண்டு வருடங்களுக்கு முன், காயல்பட்டினத்திலிருந்து மும்தாஜ் பேகம் என்பவர் தன் மகளின் கல்யாண அழைப்பிதழ் அடிக்க வந்தார். காட்டிய எழுத்துரு எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"எல்லாம் வெறச்சுக்கிட்டு நிக்கிது. நானே ஒக்காந்து எழுதுன மாதிரி இருக்கணும்மா."

சித்ரலேகா தன் கையாலேயே எழுதி அச்சேற்றிக் கொடுத்தாள். பார்த்தவர்களெல்லாம் அதே எழுத்தைக் கேட்டு வரவே, ஒவ்வொரு எழுத்தையும் தாளில் எழுதி, ஸ்கேன் செய்து, எழுத்துருவாகவே ஆக்கிவிட்டாள். 'பைய' என்று பெயர் வைத்தாள். நிதானமாக என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

எழுத்தும் அப்படித்தான் இருக்கும். லேசாக வலப்பக்கம் சாயும். கோட்டின் மேல் ஒழுங்காக உட்காராது. 'ழ'வின் வால் கீழ்வரி வரைக்கும் போய் எட்டிப்பார்க்கும். மிட்டாய்க்கடைப் பலகை, பள்ளி ஆண்டுவிழா அழைப்பு, வளைகாப்பு பேனர் என்று ஊரெல்லாம் அவள் கையெழுத்து.

போன ஆவணியில் ஒரு காலை, கலைச்செல்வி என்ற பெண் விறுவிறுவென்று கடைக்குள் வந்து மேசைமேல் ஒரு கடிதத்தை வைத்தாள். 'என் கண்ணுக்கு' என்று தொடங்கியிருந்தது.

"எங்க வீட்டுக்காரர் சட்டப்பையில கெடந்துது. மிட்டாய்க்கடைப் பலகையிலயும் இதே எழுத்து. அங்கன கேட்டா ஒங்களக் கைகாட்டுதாங்க. இது ஒங்க கையெழுத்துதான?"

"எங்கையெழுத்துதான். ஆனா நான் எழுதல."

சொன்ன பிறகுதான் எவ்வளவு மோசமான பதில் என்று சித்ரலேகாவுக்கு உறைத்தது. கலைச்செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. அவளைக் கணினி முன் உட்கார வைத்து, அவள் பெயரை 'பைய'வில் தட்டிக் காட்டினாள் சித்ரலேகா.

"இந்தா, கடிதாசியில உள்ள 'க'வ எல்லாம் பாருங்க. அச்சு அசலா ஒண்ணுபோல இருக்கு. கையால எழுதுனா அப்பிடி வருமா?"

கலைச்செல்வி விரல் வைத்துப் பார்த்தாள். ஒன்பது 'க'. ஒன்பதிலும் அதே வளைவு.

"அப்போ இத எழுதுனது யாரு?"

சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்த முதலாளி அருணாசலம் கடிதத்தைப் பார்த்தார். "சொரிமுத்து வீட்டம்மாவா? அவரு சொல்லச் சொல்ல நாந்தாம்மா அடிச்சேன். நாளைக்கு ஒங்க கல்யாண நாளாம்லா. 'எங்கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும் அண்ணாச்சி'ன்னாரு."

"பத்து வருசத்துல ஒருநாளும் என்னையக் கண்ணுன்னு கூப்புட்டதில்லயே!" கலைச்செல்வி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்துவிட்டாள். "நானும் ஒண்ணு அடிக்கணும்க்கா. இந்த வளைஞ்ச எழுத்து வேண்டாம். தாலுகா ஆபீசு நோட்டீசுல தடியா ஒண்ணு இருக்கும்லா, அதுல."

'நாளை விடுப்பு எடுத்து மனைவியைத் திருச்செந்தூருக்கு அழைத்துச் செல்லவும்' என்று அடித்து வாங்கிப் போனாள்.

மத்தியானம் அவள் கொடுத்துவிட்ட சாப்பாட்டுப் பையில் அதைக் கண்ட சொரிமுத்து தாளும் கையுமாக அச்சகத்துக்கு ஓடிவந்தார்.

"அண்ணாச்சி, அவ கோவமா இருக்காளா, சந்தோசமா இருக்காளா? எழுத்தப் பாத்தாலே பயமா இருக்கு!"

"சந்தோசந்தான்" என்றாள் சித்ரலேகா. "மொதல்ல போய் லீவு சொல்லுங்க."