பாப்பா உட்கார்ந்து படிக்க ஓர் இடம்

ஒரு புரட்டாசி மாதம் எங்கள் மாடி அறைக்குப் போலந்து நாட்டுப் பெண் ஒருத்தி தங்க வந்தாள். சென்னையில் ஒரு கல்லூரியில் ஒரு வருடப் படிப்பு. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் உள்ள கல்வெட்டைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டுமாம். விடுதியில் ஓயாத சத்தம், கிராமத்துக்குப் போனால் அமைதியாகப் படிக்கலாம் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் கிராமத்தில் இருந்து பார்த்தவரில்லை.

பாப்பா என்றுதான் நாங்கள் அவளைக் கூப்பிட்டோம். தமிழ் நன்றாகவே பேசினாள், ஆனால் பாடப் புத்தகம் பேசுவது போல இருக்கும். வந்த அன்றே என்னிடம், "அம்மா, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் கட்டுரையை அனுப்ப வேண்டும். தவறினால் இந்த ஆண்டு முழுவதும் வீண். நான் என் நாட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்" என்றாள். நான் எட்டாவதோடு நின்றவள். படிப்பு பாதியில் போனால் வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். பெருமாளே, இந்தப் பிள்ளைக்கு ஒரு இடம் காட்டு என்று அன்றைக்கே விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன்.

முதலில் மாடியிலேயே உட்கார்ந்தாள். எதிர் வீட்டு அக்கா கீழிருந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"இன்னாடி, அந்தப் பொண்ணு காலையிலேர்ந்து ஒண்டியா குந்திக்கினு கீது? வூட்டு நெனப்பு வந்துட்சா?"

"படிக்குதுக்கா."

"படிச்சா வாய் அசையணும். இது சும்மா மொறச்சிக்கினு கீது."

எங்கள் பக்கத்தில் ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தால் உடம்பு சரியில்லை, இல்லாவிட்டால் யாரோடோ சண்டை. பக்கத்தில் போய் உட்காருவதுதான் மனிதத்தன்மை. அக்கா அவித்த வேர்க்கடலையோடு மாடி ஏறினாள். பொழுது சாயும்வரை தன் முழங்கால் ஆபரேஷன் கதையைச் சொன்னாள்.

மறுநாள் பாப்பா கோயில் மண்டபத்துக்குப் போனாள். பட்டர் புளியோதரை கொடுத்தார். பிரகாரம் சுற்ற வந்தவர்கள் ஒவ்வொருவராக அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அடுத்து ஏரிக்கரை. அங்கே ஆடு மேய்ப்பவர், "யம்மா, எதா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், கரைய விட்டு இப்பால வா" என்று கெஞ்சி, என் வீட்டுக்காரருக்கும் போன் போட்டுவிட்டார். அவர் மொபெட்டில் பறந்து போய், மூச்சு வாங்கிக்கொண்டு அவளைக் கூட்டிவந்தார். பிறகு எங்கள் பம்புசெட் கொட்டகையில் உட்கார வைத்தேன். நடவுக்கு வந்த பெண்கள் கையைக் கழுவிக்கொண்டு வந்து அவள் தலையை வாரிவிட்டார்கள். இரட்டைச் சடையும் கனகாம்பரமுமாக வீட்டுக்கு வந்து, "அம்மா, நான் ஒரு வரி கூட எழுதவில்லை" என்று அழுதாள்.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. புரட்டாசியில் நான் மௌன விரதம் இருப்பதுண்டு. விரதம் இருப்பவரிடம் யாரும் பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். கெடுத்தால் பாவம் தங்களுக்கு வரும் என்ற பயம்.

"ஆனா ஒண்ணு பாப்பா. சாக்குக்கு இருக்கக் கூடாது. பெருமாள் முன்னாடி வேண்டிக்கினா சனிக்கிழமை காலையில தரிசனம் பண்ற வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. எழுதிக் காட்டினாலும் பேசின கணக்குதான்."

"உறுதியளிக்கிறேன்" என்றாள். அதுதான் கடைசிப் பேச்சு.

அதன் பிறகு அவளிடம் யாரும் பேசவில்லை என்பது உண்மை. ஆனால் வராமல் இல்லை. படிக்கட்டு முழுக்க வந்து உட்கார்ந்து, சத்தம் போடாமல் அவள் எழுதுவதைப் பார்த்தார்கள். இருமியவரை அக்கா தொடையில் கிள்ளினாள். கூழ் ஊற்றும் திருவிழாவில் யார் சொன்னாலும் சத்தத்தைக் குறைக்காத மைக்செட்காரர், அக்கா போய் நின்றதும் பாட்டை நிறுத்தினார். பாப்பா எழுதித் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் காற்று கிளம்பி, டிரான்ஸ்பார்மர் வெடித்துக் கரண்டு போனது. கூடவே செல்போன் டவரும் போனது. பாப்பா கம்ப்யூட்டரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கீழே ஓடிவந்து, வானத்தைக் காட்டினாள்.

"மழ வருதுன்னு காட்டுது" என்று அக்கா ஓடிப்போய்க் காயவைத்த நெல்லை மூடினாள். மூடி முடிக்கவும் நாலு தூறல் விழுந்தது. அதற்கு மேல் யாருக்கு என்ன சொல்லிப் புரியவைப்பது. பாப்பா மறுபடி வானத்தைக் காட்டிப் போனை ஆட்டினாள். எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

எனக்கு மட்டும் விளங்கியது. "பாப்பா, கட்டுரை போவலியா? வாயத் தொறந்து சொல்லிடு, பெருமாள் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டார்" என்றேன். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டாள். கறாராகச் சட்டம் போட்டவள் நான்தானே, மேலே என்ன சொல்ல முடியும்.

போனை உயரத் தூக்கிப் பிடித்தபடி தெருவில் நடந்தாள். பின்னால் நான். எனக்குப் பின்னால் கற்பூரத் தட்டோடு அக்கா. அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள் அத்தனை பேரும். எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. ரேஷன் கடை தாண்டி, பள்ளிக்கூடம் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தோம். அங்கே ஓரிடத்தில் பாப்பா சட்டென்று நின்றாள். போனில் டவர் கிடைத்துவிட்டது, முகம் மலர்ந்தது. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, கவிழ்த்த பெட்டி மேல் கம்ப்யூட்டரைத் திறந்தாள்.

அது ஒயின்ஷாப் சுவர்.

"டேய், பொம்பளைங்க கற்பூரம் ஏத்திக்கினு வராங்கடா" என்று உள்ளே ஒரு குரல். பின்பக்க மதிலை ஆளுக்கு ஆள் தாண்டிக் குதித்தார்கள். ஒருவருக்கு மட்டும் லுங்கி ஆணியில் மாட்டிக்கொண்டது. யூரியா வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பிய, எதிர் வீட்டு அக்காவின் வீட்டுக்காரர். அதுவும் புரட்டாசி மாதத்தில்.

அக்காவின் வாய் திறந்தது. பக்கத்தில் விரதக்காரப் பெண். வாய் மூடியது. கற்பூரத் தட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவரும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால் பாப்பா கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினாள். கட்டுரை போய்விட்டது. நான் அந்த ஒயின்ஷாப் சுவரைப் பார்த்தே பெருமாளைக் கும்பிட்டேன். இடம் காட்டு என்று கேட்டேன், காட்டிவிட்டார். எந்த இடம் என்று நான் சொல்லிக் கேட்கவில்லையே.

மறுநாள் சனிக்கிழமை, கோயிலில் நிற்க இடமில்லை. விரதம் முடித்து முதலில் சொல்லும் சொல் பலிக்கும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மழையைச் சொல்லு, பையன் வேலையைச் சொல்லு என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் தூணுக்குப் பின்னால் நின்றார். முதல் நாள் சாயந்திரத்திலிருந்து அவருக்குச் சாப்பாடு இல்லை, படுக்கை மாட்டுக் கொட்டகையில்.

பாப்பா தீர்த்தம் வாங்கிக் குடித்தாள். அக்கா பக்கம் திரும்பினாள்.

"அக்கா, மாமாவுக்குச் சோறு போடுங்கள்."

அக்கா பெருமாளைப் பார்த்தாள், பாப்பாவைப் பார்த்தாள், தூணைப் பார்த்தாள். "சாமி வாக்கா வந்துட்சி, இன்னா பண்றது" என்று முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தாள்.

போட்டாள். வெறும் சோறு. கொழம்பு எங்கே என்று அவர் கேட்டதற்கு, "கொழம்ப பாப்பா சொல்லலியே" என்றாளாம்.