பூவரசங்குடாவுக்கு வந்த பஸ்

பூவரசங்குடாவில் கருவாடு விற்கிற யூஜீனியாவின் வாய்க்கு முன்னால் ஆரும் நின்று பிடித்ததில்லை. அவள் ஒன்றைக் கேட்டால் கொடுத்துத் தொலைப்பதே புத்தி என்று அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரியும். யுத்தம் முடிந்து மூன்றாம் வருடம் அவள் கேட்டது ஒரு பஸ்.

பஸ் ஓடுகிற கற்பிட்டி வீதிக்குப் போக, ஊர்ச்சனம் மணல் பாதையில் கால் புதையப் புதைய நடக்க வேண்டும். புத்தளத்தில் உயர்தரம் படிக்கிற அவள் மகள் ஷானிகா, முதல் பாடம் முடிகிற நேரத்தில்தான் வகுப்புக்குப் போய்ச் சேருவாள். "இப்படியே போனா நான் படிப்ப நிப்பாட்டிருவேன் அம்மா," என்று மகள் சொன்ன அன்றைக்கே யூஜீனியா கருவாட்டுக் கூடையோடு டிப்போவுக்குள் நுழைந்தாள்.

"உங்கட ஊர்ல பஸ் விடுற அளவுக்கு ஆக்கள் இல்லையே," என்றார் அதிகாரி.

"ஆர் சொன்னது? வேதக் கோயிலடிச் சனம் ஒரு பங்கு. தொண்ணூறுல மன்னார்ல இருந்து விரட்டுப்பட்டு வந்த முஸ்லிம் சனம் இன்னொரு பங்கு. அவங்கட பதிவுதான் மன்னார்ல, ஆக்கள் இங்கதான். ரெண்டையும் சேத்து எண்ணுங்கோ ஐயா."

அதிகாரி சிரித்துவிட்டார். ஒருநாள் காலையில் தானே பஸ்ஸோடு வந்து பார்ப்பதாகவும், சனம் ஏறினால் சேவை நிலைக்கும், இல்லாவிட்டால் அந்தப் பேச்சே வேண்டாம் என்றும் சொன்னார். எப்போது வரட்டும் என்று கேட்டார்.

"தலவில் அன்னம்மா கோயில் திருநாள் கிழமை வாங்கோ. அந்தக் கிழமை எங்கட ஊர்ல ஒருத்தரும் வீட்ல இருக்கமாட்டாங்க."

இன்னும் வராத பஸ்ஸுக்குத் தரிப்பிடம் எங்கே என்று ஊரில் சண்டை வந்தது. முஸ்லிம் குடியிருப்பில் தையல் தைக்கிற முனவ்வரா, இரண்டு பக்கத்துக்கும் நடுவில், பள்ளிவாசலடியில் பாதை வளைகிற முடக்கைக் காட்டினாள். "கேட்டு வாங்கினது நான். கோயில் வாசல்லதான் நிக்கும்," என்று யூஜீனியா ஒரே போடாய்ப் போட்டு, டிப்போவுக்கும் அப்படியே சொல்லி அனுப்பினாள்.

பஸ் வருவதற்கு முதல்நாள் பின்னேரம் கோயிலடியே பாய், பானை, கூடாரத்தோடு உழவு இயந்திரம் இழுக்கிற பெட்டிகளில் ஏறியது. திருநாள் முடியும்வரை தலவிலில்தான் சமையல், படுக்கை எல்லாம். ஒரு காலைத் தூக்கி வைத்த யூஜீனியாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரே அங்கே போய்க் கிடந்தால் நாளைக்கு பஸ்ஸில் ஏறுவது ஆர்? நாயும் கோழியுமா? பாவி, தன் வாயாலேயே மகளின் படிப்பில் மண்ணைப் போட்டுவிட்டாள்.

பெட்டியிலிருந்து இறங்கி நேரே முனவ்வரா வீட்டுக்கு நடந்தாள். நாளைக்கு அந்தப் பக்கத்துச் சனம் பஸ்ஸில் ஏற வேண்டும் என்ற விஷயத்தைக் கேட்ட முனவ்வரா தையல் மெஷினிலிருந்து தலை தூக்கவில்லை.

"ஆள் எண்ணுறதுக்கு நாங்க வேணும். தரிப்பிடம் கேட்டா மட்டும் நாங்க வேணாம். அப்படித்தானே அக்கா?"

யூஜீனியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"பிழை என்னிலதான். பஸ் முடக்குலேயே நிக்கட்டும்."

"இத நாளைக்கு அந்த ஐயாட்ட உங்கட வாயாலேயே சொல்லுவீங்களா?"

"ஓம். சொல்லுவேன்."

விடிந்ததும் பஸ் வந்தது. கோயில் வாசலில் யூஜீனியாவையும் ஷானிகாவையும் தவிர ஒரு குஞ்சும் இல்லை. முன் ஆசனத்திலிருந்த அதிகாரியின் முகம் கறுத்தது.

"இவ்வளவுதானா உங்கட சனம்?"

"தரிப்பிடம் இது இல்ல ஐயா. நான்தான் பிழையாச் சொல்லிட்டேன். பள்ளி முடக்குக்கு விடுங்கோ."

முடக்கில் கிளினிக்குக்குப் போகிற தாய்மார், பள்ளிக்கூடப் பிள்ளைகள், மிளகாய் மூட்டையோடு சந்தைக்குப் போகிறவர்கள் என்று பாதை நிறையச் சனம் நின்றது. ஏறி முடிகையில் அதிகாரியே எழுந்து ஒரு பிள்ளைத்தாய்ச்சிக்கு இடம் கொடுக்க வேண்டியதாயிற்று. நெரிசலில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் எந்த ஊர்ச் சனம்?" என்று கேட்டார்.

"எங்கட ஊர்ச் சனம்தான் ஐயா," என்றாள் யூஜீனியா. "இப்ப எண்ணுங்கோ."

"எண்ணத் தேவையில்ல. நாளைக்கும் பஸ் வரும்."

ஷானிகா தாயின் கையைப் பிடித்து நசித்தாள். தைத்த துணிகள் இருந்த பையை மடியில் வைத்திருந்த முனவ்வரா கொஞ்சம் ஒதுங்கி, கருவாட்டுக் கூடைக்குக் கை நீட்டினாள்.

"இங்கால தாங்க அக்கா. புதுத் துணில மணம் பிடிச்சா நீங்கதான் கழுவித் தரணும்."