நான் உப்புப் போடவில்லை

எனக்கு வயது எழுபத்துமூன்று. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். என் சமையலில் உப்புக் கூடியது என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. மூத்த மருமகன் மட்டும், தன்னுடைய பியரில் நான் உப்பைக் கொட்டினேன் என்று ஜேர்மனியில் சொல்லித் திரிகிறார். எனக்கு எழுத்து அரைகுறை. என்றாலும் இதை நானே எழுதுகிறேன்.

சண்டை ஓய்ந்திருந்த ஒரு வருடம், கோயில் பெருநாளுக்கு மூன்று கிழமை முந்தி அவர் எங்கள் ஊர் கரம்பொனுக்கு வந்தார். பெட்டிக்குள் எங்களுக்கென்று ஒன்றுமில்லை. முளைகட்டிக் காயவைத்த பார்லி, ஒரு கசப்புப் பூ, நொதிக்க வைக்கும் ஈஸ்ட், வெப்பமானி. தானியத்திலிருந்து தன் கையாலேயே பியர் செய்யப் போகிறாராம். அதுதான் முதல் தடவை. பெருநாளன்று எல்லோருக்கும் அதுதான் என்று ஊர்காவற்றுறை வரை சொல்லியும் விட்டார்.

மறுநாளே, கேளாமல், நான் கூழ் காய்ச்சும் பெரிய கிடாரத்தைத் தூக்கினார். என் உரலில் பார்லியை இடித்தார்.

"தம்பி, மாவாக்காதேங்கோ. உமி உடையாம இருந்தாத்தான் வடியும்."

"மாமி, இது கூழில்லை. நீங்கள் வாயைத் திறக்காம இருந்தாலே பெரிய உதவி."

பிறகு வாளியோடு வளவுக் கிணற்றுக்குப் போனார். அவர் கலியாணம் கட்டிய நாளில் அது நல்ல தண்ணீர். நாங்கள் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது உப்புச் சவராகிவிட்டிருந்தது. குளிக்கவும் கழுவவும்தான் அது. குடிக்கிற தண்ணீர் அரை மைல் தள்ளியிருந்து குடத்தில் வரும். நான் வாயைத் திறக்கவில்லை.

கொதிக்கவிடாமல் ஒரு மணித்தியாலம் பார்லியை ஊறவைத்தார். கிடாரத்துக்குக் காய்ச்சல் கண்டது போல நிமிடத்துக்கொருதரம் வெப்பமானியை விட்டுப் பார்த்தார். கோயிலுக்கு உடுக்கும் என் வெள்ளைச் சேலையில் வடித்தார். பூவைப் போட்டுக் காய்ச்சி, ஒரு கரண்டி குடித்துவிட்டு, "தேன் மாதிரி!" என்றார். அவர் அங்கால் போனதும் நானும் நக்கிப் பார்த்தேன். இனிப்புக்கு அடியில் உப்பு இருந்தது. கள்ளு முட்டியில் புளிக்கப் புளிக்க இனிப்பு எப்படிப் போகும் என்று தெரிந்த எனக்கு, இதில் என்ன மிஞ்சும் என்பதும் தெரியும். அப்போதும் திறக்கவில்லை.

ஈஸ்ட் போட்டு நொதிக்கவைத்துப் போத்தல்களில் அடைத்திருந்ததைப் பெருநாளன்று திறந்தார்கள். என் இளைய மகன் ஒரு மிடறு குடித்துத் துப்பினான்.

"என்ன அத்தான், கடலையே போத்தலிலை அடைச்சுப்போட்டியள்?"

முற்றம் முழுக்கச் சிரித்தது. மருமகன் கிணற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தெரிஞ்சுகொண்டே பாத்துக்கொண்டு இருந்தனீங்கள், என்ன?"

"ஓம். வாயைத் திறக்க வேண்டாம் எண்டது நீர்தானே."

நீங்கள் என்பதை விட்டு அவரை நான் நீர் என்று சொன்னது அன்றுதான். மூன்றாம் நாள் போய்விட்டார். அன்றிலிருந்து என் மூத்தவளை இந்த வீட்டுக்கு அனுப்பவில்லை. உப்புப் போட்டவளின் வாசலை மிதிக்க வேண்டாமாம்.

பேசாமல் இருந்தேன். அதை மறுக்கவில்லை. உப்புப் போடவில்லை. இரண்டும் ஒன்றென்று அவர் நினைத்தால் நினைக்கட்டும். மன்னிப்புக் கேட்க எனக்கு ஏலாது. இந்தக் கடிதாசியை மகள் வாசிக்கட்டும், அவர் பக்கத்தில் இருக்கும்போது.

"பிள்ளை, இங்கை வா. உன்ரை பெரியம்மாவுக்கு அம்மம்மா எழுதின கடிதாசி இது. உரத்து வாசி பாப்பம். எழுத்துப் பிழையைத் திருத்து. வேறை ஒண்டையும் திருத்தாதை."