பெரட்டில் அடித்த ஏழடி

தொண்ணூறுகளில் இலங்கை மலையகத்து ஹட்டனில் பாட்டுக் கெசட் பதிவு செய்யும் கடை வைத்திருந்தேன். ஞாயிறு தோறும் டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒருவர் வருவார். விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்கு ஆட்களைத் தப்படித்துக் கூப்பிடுபவர். ஒடுங்கிய தோள், எந்நேரமும் தூக்கம் போதாத கண்கள். பஸ் வரும்வரை கடை வாசல் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, ஓடுகிற பாட்டுக்கு முழங்காலில் தட்டிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் ஓர் ஆங்கில ராக் குழுவின் முதல் கெசட்டைப் போட்டிருந்தேன். ஏழு ஏழாக எண்ண வேண்டிய தாளம். அவர் விரல்கள் தடுமாறி நின்றன, பிறகு பிடித்துக்கொண்டன. பஸ் போய்விட்டது.

மறு வாரம், அதே குழு பேர் வாங்கிய பிறகு வந்த கெசட்டைப் போட்டேன். டிரம் அடித்தவரும் முதல் கெசட்டில் அடித்த அதே ஆள்தான். தப்படிப்பவர் ஒப்பாமல் தலையசைத்தார்.

“மொதல்ல தனக்காக அடிச்சாருங்க. இது நம்ம பெரட்டு மாதிரி, ஆளக் கூப்புட அடிக்கிறாரு.”

அடுத்த ஞாயிறு சோர்ந்து வந்தார்.

“திங்கக்கெழம கை தன்னால அந்த ஏழடிய அடிச்சிருச்சுங்க. பெரட்டு அடி எல்லாருக்கும் தெரியும். இது வேறயா இருக்கவும், சாவுன்னு நெனச்சு லயத்து வீட்டுச் சனமெல்லாம் வெளிய வந்து, ‘யாரு போனது?’ன்னு கேக்குது. வேல வாங்குற கண்டாக்கையா ஏசிட்டாரு.”

“இனி?”

“பழைய அடிதான். அந்த மொத கெசட்டப் போடுங்க.”

போட்டேன். அன்று அவர் தட்டவில்லை. இரு கைகளையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடைசிவரை கேட்டார். அந்தக் கைகளை அவர் ஓய விட்டாரா, அடக்கி வைத்தாரா என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.