காதுகுத்துக்குக் கிளம்பாத கார்

என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியும். அதைவிட நன்றாகக் காரைப் பற்றிப் பேசத் தெரியும். சின்னமனூரில் அவருக்கு வாழைக்காய் கமிஷன் கடை. நான் மார்க்கையன்கோட்டையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு தொடக்கப் பள்ளியில் டீச்சர். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். மூன்றாவதாக அந்த அம்பாசடர் வந்து சேர்ந்தது.

பழனிசெட்டிபட்டியில் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர் அதை வைத்திருந்தார். கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் தவிர வேறெங்கும் போகாத வண்டி. அப்படியே வாங்கி அப்படியே ஓட்டியிருந்தால் எங்களுக்கு ஒரு குறையும் வந்திருக்காது. ஆனால் அப்படியே ஓட்டினால் ஊரில் யார் திரும்பிப் பார்ப்பார்கள்?

முதலில் பெட்ரோல் இன்ஜினைக் கழற்றிவிட்டு, எங்கோ மோதி நொறுங்கிய ஒரு வேனின் டீசல் இன்ஜினை வைத்தார். சின்னமனூர் மெக்கானிக் ஒருவர் அதைச் செய்து கொடுத்தார். அடுத்து ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் தரைக்கு இறங்கியது. பிறகு அகல டயர். பின்சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் அது மட்கார்டில் உரசி ரப்பர் வாடை வரும். அதனால் பின்சீட்டில் குண்டான சொந்தக்காரர்களை ஏற்றுவதில்லை என்று ஒரு சட்டம் வந்தது. கண்ணாடிக்குக் கறுப்பு ஸ்டிக்கர். கடைசியாகத் தேனியில் ஒரு கடையில் பாட்டுப் பெட்டி. அதோடு சேர்ந்த ஸ்பீக்கர் டிக்கி முழுவதையும் அடைத்துக்கொண்டது. அதன் பிறகு டிக்கியில் ஒரு தேங்காய் வைக்க இடமில்லை. தேங்காய் விளையும் ஊரில் இருந்துகொண்டு இதையும் பெருமையாகத்தான் சொன்னார்.

என் நாத்தனார், அதாவது அவருடைய தங்கை, கூடலூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவளுடைய மூத்த பெண் குழந்தைக்குக் காதுகுத்து வைத்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். தாய்மாமன் என் கணவர். விசேஷம் குறித்த நாளிலிருந்தே அவர் யோசித்ததெல்லாம், கோயில் வாசலில் காரை எந்தப் பக்கமாகத் திருப்பி நிறுத்துவது என்பதுதான்.

முந்தின நாள் சாயங்காலம் காரைக் கழுவினார். கழுவும்போது சாவியைப் போட்டு, இன்ஜினை ஓட்டாமல் பாட்டை மட்டும் முழுச் சத்தத்தில் வைத்தார். தெருவில் மாடுகள் மிரண்டன. எங்கள் வீட்டு ஜன்னல் கம்பி நடுங்கியது. திடீரென்று பாட்டு நின்றுவிட்டது.

"சூடாயிருச்சு. ஆறட்டும்" என்று சொல்லிக் கதவைச் சாத்தினார். தெரு நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கியது.

மறுநாள் காலையில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தார். நான் சீர்த்தட்டுகளைப் பின்சீட்டில் அடுக்கினேன். குழந்தைக்கான கம்மல் என் கைப்பையில் இருந்தது. சாவியைத் திருகினார். இன்ஜின் கரகரவென்று நன்றாகச் சுற்றியது. பிடிக்கவில்லை. மறுபடி திருகினார். அதே கரகரப்பு, அவ்வளவுதான்.

எதிர்வீட்டு டிராக்டர்காரர் துண்டை உதறிக்கொண்டு வந்தார். "பேட்டரி" என்றார். பானட்டைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிட்டார்.

"பேட்டரி இல்லைன்னா இப்படிச் சுத்துமாண்ணே?" என்று நான் கேட்டேன்.

"டீச்சர், சுத்துறது வேற. பிடிக்கிறது வேற" என்றார். பிறகு தன் டிராக்டரின் பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து தரையில் வைத்து, ஒயர் கொடுத்து எங்கள் காரோடு இணைத்தார். இன்ஜின் முன்னைவிட வேகமாகச் சுற்றியது. முன்னைப்போலவே பிடிக்கவில்லை. இப்போது அவருடைய டிராக்டரும் ஓடாது என்பதுதான் கண்ட பலன்.

எனக்கு ஒன்று தோன்றியது. பாட்டுப் பெட்டியில் சாவி போட்டதும் ஒரு பச்சை விளக்கு எரியும். அன்று எரியவில்லை. ஹாரன் அடித்தது, வைப்பர் ஓடியது, அது மட்டும் இருட்டாக இருந்தது.

"ஏங்க, நேத்து நின்ன பாட்டுப் பெட்டி இன்னும் எரியலைங்க. அதுக்கும் இதுக்கும் ஏதும் இருக்குமோ?"

என் கணவர் டிராக்டர்காரரைப் பார்த்தார். டிராக்டர்காரர் என் கணவரைப் பார்த்தார். இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரித்தார்கள்.

"ஏ புள்ள, நீ மூணாங்கிளாஸ் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடு. இது இன்ஜின் சமாச்சாரம். பாட்டுப் பெட்டியிலயா டீசல் ஊத்தி வச்சிருக்கு?"

நான் வாயை மூடிக்கொண்டேன். படித்ததால் வந்த பொறுமை இல்லை அது. பட்டுச்சேலை கசங்கக் கூடாது என்கிற கவலை.

அடுத்து வந்தவர் பக்கத்துத் தெரு மாமா, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். மலைப்பாதையில் எத்தனையோ வருஷம் பஸ் ஓட்டியவர், அதை நாளுக்கு ஒரு தடவையாவது நமக்கு நினைவுபடுத்துகிறவர். குனிந்து பார்த்துவிட்டு, "ஏர் வாங்கியிருக்கு" என்றார். டீசல் குழாயில் காற்று புகுந்துவிட்டதாம். அதை வெளியேற்ற ஒரு நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அமுக்கச் சொன்னார். என் கணவர் உற்சாகமாக அமுக்கினார். காற்று வந்ததோ என்னவோ, டீசல் பீச்சியடித்து வந்தது. பட்டு வேட்டியில் தொடையிலிருந்து முழங்கால் வரை ஒரு தீவு உண்டானது.

"டீசல் வருதுல்ல! அப்ப ஏர் போயிருச்சு. அடிங்க ஸெல்ப்பை" என்றார் மாமா.

அடித்தார். கரகரகர.

அந்த நேரம் வீட்டுக்குள் போன் மணி அடித்தது. என் கணவரே ஓடிப்போய் எடுத்தார். நாத்தனார் பேசுகிறாள் என்று தெரிந்தது.

"ஆமாத்தா, கிளம்பியாச்சு. உத்தமபாளையம் தாண்டிட்டோம். இந்தா வந்துட்டோம்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டுப் போனில் அழைத்தவளிடம், வீட்டுப் போனை எடுத்து, உத்தமபாளையம் தாண்டிவிட்டதாகச் சொன்ன மனிதரை அன்றுதான் நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தேன். அதைவிட ஆச்சரியம், அங்கே அவள் நம்பியது. அண்ணன்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இனித் தள்ளுவதுதான் வழி என்று மூன்று பேரும் முடிவு செய்தார்கள். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரை வைத்துவிட்டு வந்தார்கள். தெரு சரிவாக வாய்க்காலைப் பார்த்து இறங்கும். அந்தப் பக்கம்தான் தள்ள முடிந்தது. என் கணவர் உள்ளே இருந்து, "தள்ளுங்க, தள்ளுங்க, இந்தா பிடிச்சிரும்" என்று கத்தினார். கியரைப் போட்டதும் அகல டயர் தெருவைக் கீறி நின்றது. இப்படியே நின்று நின்று கார் வாய்க்கால் கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கூடலூருக்குப் போக வேண்டிய வண்டி, கூடலூருக்கு முதுகைக் காட்டி நின்றது.

நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. நான் வாய்க்கால் கரைக்கே போய், "வாங்க, தட்டுகளைத் தூக்கிட்டு பஸ்ல போயிருவோம். சின்னமனூர் போனா குமுளி பஸ் கிடைக்கும்" என்றேன்.

"தாய்மாமன் சீரைத் தூக்கிட்டுப் பஸ்ல போயி எறங்கவா? ஊரு என்ன சொல்லும்?"

"போகாட்டி என்ன சொல்லும்?"

"மெக்கானிக்குக்கு ஆள் விட்டாச்சு. அவரு வந்தா தொட்டதும் ஸ்டார்ட் ஆயிரும். நீ பதறாத."

நான் பதறவில்லை. கரை வழியாக வந்த மினி பஸ்ஸை நிறுத்தி, டீக்கடைக்காரர் கைகொடுக்க, பின்சீட்டில் இருந்த தட்டுகளை அதில் ஏற்றினேன். என் கணவர் பானட்டுக்குள் தலையை விட்டிருந்ததால் நான் போவதைப் பார்க்கவில்லை. சின்னமனூரில் குமுளி பஸ் கூட்டமாக வந்தது. கண்டக்டர் தட்டுகளைப் பார்த்ததும் சத்தம் போட்டு முன்சீட்டைக் காலி செய்து கொடுத்தார். உத்தமபாளையத்தைத் தாண்டும்போது, என் கணவர் ஏற்கெனவே தாண்டிப் போன அந்த ஊரை நான் ஜன்னல் வழியாக மரியாதையோடு பார்த்துக்கொண்டேன்.

கூடலூரில் அவர்கள் குலசாமி கோயிலுக்குள் நுழைந்ததும் நாத்தனார் ஓடிவந்தாள்.

"அண்ணன் எங்க மதினி?"

"கார் ஸ்டார்ட் ஆகலை. வீட்டுலதான் நிக்கிறாக."

"உத்தமபாளையம் தாண்டிட்டோம்னு சொன்னுச்சே!"

"வாய் தாண்டுச்சு. வண்டி தாண்டலை."

அவள் முகம் சுருங்கிவிட்டது. குழந்தைக்கு மொட்டை போட்டுச் சந்தனம் பூசி வைத்திருந்தார்கள். ஆசாரி ஊசியைத் துடைத்துத் துடைத்து அலுத்துப் போயிருந்தார். நாத்தனாரின் மாமனார் எழுந்தார். "இன்னும் எத்தன நேரம் பாக்க? இந்தா, இவனும் மாமன் முறைதான? உக்காரட்டும்" என்று ஒருவரைக் கைகாட்டினார்.

அவர் கைகாட்டியது என் கணவருடைய சித்தப்பா மகனை. வாய்க்கால் தண்ணீர் முறை வைப்பதில் வந்த சண்டையில் அவரும் என் கணவரும் பேசி வருஷங்கள் ஆகியிருந்தன. அவர் எழுந்து வரவில்லை. நேராக என்னைப் பார்த்தார்.

"மதினி, நான் உக்காரலாமா? அண்ணன் கோவிக்கும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாத்தனார் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அழுகை வந்துவிடும்போல இருந்தது. எனக்கு அப்போது வந்தது அழுகை இல்லை, கோபம். ஒரு பச்சைக் குழந்தையை வெயிலில் காக்க வைத்துவிட்டு அங்கே ஒருவர் நட்டைத் திருகிக்கொண்டிருக்கிறார்.

"உக்காருங்க. பிள்ளைக்கு மடிதான் வேணும், காரில்லை" என்றேன்.

அவர் காலைக் கழுவிவிட்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். குழந்தை வீறிட்டது, உதைத்தது, அவர் மடியை நனைத்தது. அவர் அசையாமல் அதன் தலையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். இரண்டு காதும் முடிந்து கம்மல் ஏறியபோது அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

இதற்குள் மார்க்கையன்கோட்டையில் நடந்ததை டிரைவர் மாமா பிற்பாடு எனக்குச் சொன்னார். மெக்கானிக் வந்து ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை விட்டாராம். உள்ளே ஒயர்கள் இடியாப்பமாகக் கிடந்திருக்கின்றன. "எந்தப் படுபாவி இந்த வேலையப் பார்த்தான்? அவன் கைய ஒடிக்கணும்" என்றாராம்.

"நீங்கதாண்ணே பார்த்தீக" என்று என் கணவர் சொன்னாராம்.

மெக்கானிக் கொஞ்ச நேரம் தலையை வெளியே எடுக்கவே இல்லையாம்.

விஷயம் இதுதான். அந்த இன்ஜினின் டீசல் பம்பில் கரண்டில் திறக்கும் ஒரு சின்ன வால்வு உண்டு. சாவி போட்டதும் அது திறந்தால்தான் டீசல் உள்ளே போகும். அதற்குப் போகிற ஒயரில் மெக்கானிக் சின்ன ஃபியூஸ் ஒன்று வைத்திருந்தார். பாட்டுப் பெட்டி மாட்டிய தேனிக்காரர், கைக்கு எட்டிய அந்த ஒயரையே ஒட்டி இழுத்து ஸ்பீக்கருக்குக் கரண்ட் கொடுத்துவிட்டார். முந்தின நாள் வைத்த சத்தத்தில் ஃபியூஸ் போய்விட்டது. பாட்டும் போச்சு, டீசலும் போச்சு. புது ஃபியூஸைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. இன்ஜின் முதல் திருகலிலேயே பிடித்துக்கொண்டது.

"டீச்சர் காலையிலேயே சொன்னாக" என்று மாமா அங்கேயே சொல்லியிருக்கிறார். யாரும் காதில் வாங்கவில்லையாம். இன்ஜின் சத்தம் அதிகமாக இருந்ததாம்.

கூடலூரில் பந்தி பாதி நடந்துகொண்டிருந்தபோது அந்த ஸ்பீக்கர் சத்தம் தெருமுனையில் கேட்டது. கார் வந்தது. நினைத்திருந்த பக்கமாகவே திருப்பி நிறுத்தினார். டீசல் தீவோடு பட்டு வேட்டியில் இறங்கி, சிரித்துக்கொண்டே வந்தார். குழந்தையின் காதில் கம்மலைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"யார் மடியில?" என்றார்.

 நாத்தனார்தான் முன்னால் வந்தாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கையைக் குவித்து, வெளியூரிலிருந்து வந்தவரிடம் பேசுவது போல, "வாங்க. பந்தியில எடமிருக்கு, உக்காந்து சாப்பிடுங்க" என்றாள். கூடப் பிறந்தவள் அண்ணனை 'வாங்க' என்று சொன்னதைக் கேட்டு அவர் நிஜமாகவே ஆடிப்போனார்.

ஓரத்து இலையில் உட்கார்ந்தார். பாயச வாளியோடு வந்தது அந்தச் சித்தப்பா மகன். வேட்டி மடியில் ஈரம் இன்னும் காயவில்லை. இலைக்கு முன்னால் வந்ததும் கரண்டியோடு நின்றார்.

"ஊத்தவாண்ணே?"

என் கணவர் நிமிரவில்லை. இலையைப் பார்த்தபடியே, "ம். ஊத்து" என்றார். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதற்கே நாத்தனார் தூணுக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது கம்பம் வரை அவர் கண் சாலையிலேயே இருந்தது. பிறகு கேட்டார்: "அவனை உக்காரச் சொன்னது நீயாமே?"

"ஆமா. நீங்க கார் மடியில உக்காந்திருந்தீக. பிள்ளை யார் மடியிலயாவது உக்காரணும்ல?"

அதற்குப் பிறகு வீடு வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. அந்தக் காரில் நான் போன பயணங்களில் அதுதான் அமைதியானது.

அடுத்த வாரம் கடையில் அவர் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். "பாட்டுப் பெட்டி எரியலையேன்னு எனக்கு அப்பவே ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். நான் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டு வாழைத்தார்களை எண்ணத் தொடங்கினார். அந்த ஒயரையாவது பிரித்துப் போடச் சொல்லுங்கள் என்றேன். "ஓடுற வண்டியில கை வைக்கக் கூடாது" என்றார், அந்தக் காரில் கை வைக்காத இடம் ஒன்றுகூட மிச்சம் வைக்காத மனிதர்.

நாத்தனாருக்கு இரண்டாவதும் பெண்தான் பிறந்தது. அதற்குக் காதுகுத்து வைத்தபோது அவள் போனில் என்னிடம் மட்டும் பேசினாள். "மதினி, அண்ணனை முந்தின நாளே பஸ்ல அனுப்பி விட்டுருங்க" என்றாள். அவரும் மறுபேச்சு பேசாமல் வேட்டியை ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். வழியனுப்ப நானும் சின்னமனூர் வரை போனேன். பஸ் புறப்படும்போது ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. பக்கத்து சீட்டுக்காரரிடம், கேட்காமலே, "நமக்குச் சொந்தக் கார் இருக்குங்க. இன்னைக்கு வீட்டுல நிக்குது" என்று ஆரம்பித்திருந்தார்.