அக்காவுக்கு மஞ்சள் காமாலை வந்ததே இல்லை

எங்கள் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். அக்காவைப் பற்றி நான் எழுதப் போகிறேன் என்றதும் எங்கள் தாய்மாமா முதலில் ஆளிடம் சொல்லி அனுப்பினார். பிறகு தானே வந்து உட்கார்ந்துகொண்டார். "எல்லாத்தையும் எழுது ஆத்தா, அந்த ஒன்ன மட்டும் விட்ரு" என்றார். அந்த ஒன்றை விட்டுவிட்டால் அக்காவைப் பற்றி எழுத வேறு என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே அதையே முதலில் எழுதுகிறேன். அக்காவுக்கு இருந்தது பைபோலார் என்ற மனநோய். சில மாதம் மனம் தலைகால் தெரியாமல் பொங்கும், சில மாதம் எழுந்திருக்கவே முடியாமல் படுத்துவிடும், நடுவில் பல மாதம் உங்களையும் என்னையும் போல இருக்கும். உங்களில் பலரிடம் சொல்லப்பட்ட மஞ்சள் காமாலை அவருக்கு ஒரு முறைகூட வந்ததில்லை.

அக்கா பிறந்தது நாட்டரசன்கோட்டையில். அப்பாவுக்குத் தச்சு வேலை. வேலை இருக்கும் இடத்துக்குப் போக வேண்டும் என்று அவர் காரைக்குடிக்குக் குடிவந்த பிறகு நான் பிறந்தேன். வீட்டில் பிள்ளைகள் நாங்கள் இருவர்தான். அக்கா கணக்கில் கெட்டி, கோபத்திலும் கெட்டி. பி.காம். கடைசி ஆண்டில் திடீரென்று அவருக்குத் தூக்கம் போயிற்று. பேச்சு நிற்கவில்லை. கைவளையலைக் கழற்றி, உடன் படித்த பெண்ணுக்குக் கல்யாணச் சீர் என்று கொடுத்துவிட்டு வந்தார். அடுத்த மாதம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர் சாப்பிடக்கூட எழவில்லை. அப்போது வந்து பார்த்த உறவினர்கள் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னீர்கள். காற்றுக் கருப்பு என்றவர்கள் உண்டு. கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும் என்றவர்கள் அதைவிட அதிகம். மதுரையில் மருத்துவரைப் பார்த்து மருந்து தொடங்கியதைத்தான் ஒருவரும் பாராட்டவில்லை. கல்யாணத்துக்கு அக்காவே மறுத்துவிட்டார். "மறச்சுக் கட்டி வைப்பீக, அங்குட்டு மாத்திரைய நான் எங்கன ஒளிச்சு வச்சுத் திங்கிறது?" என்று கேட்டார்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான், ஒரு வேலை. அது கையைவிட்டுப் போகாமல் இருக்க வேண்டும். ஆனால் போய்க்கொண்டே இருந்தது. ஜவுளிக்கடையில் பில் போட்டார், பள்ளிக்கூட ஆபீசில் இருந்தார். நோய் கூடும்போது லீவு கேட்க வெட்கப்பட்டு வீட்டில் எல்லாரும் வாயை மூடிக்கொண்டிருப்போம். சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டார் என்று அவர்கள் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். வேலை செய்யத் தெரியாமல் அக்கா எந்த வேலையையும் இழக்கவில்லை.

பிறகு புதுவயலில் ஓர் அரிசி ஆலையில் எடைமேடை வேலை கிடைத்தது. நெல் லாரி லோடோடு வந்து மேடையில் ஏறும், இறக்கிவிட்டு வெறும் வண்டியாக மறுபடி ஏறும். இரண்டு எடையையும் பார்த்துச் சீட்டுப் போட வேண்டும். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் பேசலாம் என்பதே அக்காவுக்குப் பிடித்துப்போயிற்று. எடை கூடட்டும் என்று லோடோடு வரும் டிரைவரும் கிளீனரும் வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தால், "ரெண்டு பேரும் இறங்குங்க, உங்களையும் சேத்து நெல்லுன்னு போட முடியாது" என்பார். அவர்களும் சிரித்துக்கொண்டு இறங்குவார்கள்.

இந்த வேலையும் போய்விடக் கூடாது என்று மாமா ஒரு வழி கண்டுபிடித்தார். அடுத்த முறை அக்கா படுத்தபோது நேராக ஆலைக்குப் போய், "பிள்ளைக்கு மஞ்சக் காமாலை, ஒரு மாசம் ஆகும்" என்று மேலாளரிடம் சொல்லிவிட்டார். லீவு கிடைத்தது, வேலையும் தப்பியது. வீட்டுக்கு வந்து எங்களைப் பார்த்து அவர் பூரித்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மேலாளர் நல்ல மனிதர், அதுதான் வினையாகப் போயிற்று. தன் தோட்டத்துக் கீழாநெல்லியைப் பறித்து ஆளிடம் கொடுத்தனுப்பினார். யாராவது பார்க்க வந்தால் என்ன செய்வது என்று மாமா எங்கள் வீட்டில் எண்ணெய் தாளிதத்தையே நிறுத்தினார். இல்லாத நோய்க்கு நானும் பத்தியச் சோறு தின்றேன்.

அடுத்த வருடமும் மஞ்சள் காமாலை, அதற்கடுத்தும் மஞ்சள் காமாலை. மூன்றாவது முறை அக்கா வேலைக்குத் திரும்பியதும் மேலாளர் தன் பங்குக்கு ஓர் உதவி செய்தார். காமாலை கண்ட உடம்புக்கு வெயில் ஆகாது என்று, கேட்காமலே இரவு வேலைக்கு மாற்றிவிட்டார். அறுவடைக் காலம், ராத்திரி முழுக்க லாரி வரும். தூக்கம் கெட்டால்தான் அக்காவுக்கு நோய் கூடும், மருத்துவர் முதல் நாளிலிருந்து சொன்னது அந்த ஒன்றைத்தான். காமாலை என்று சொல்லிவிட்ட வாயால் அதை எப்படிச் சொல்வது? "என்ன செய்ய, நல்லதுக்குத்தான போட்டுருக்காரு" என்றார் மாமா. எனக்கு எங்காவது போய் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

சில வாரத்தில் அக்கா பொங்க ஆரம்பித்தார். முதலாளி பெயரைச் சொல்லி வெளியூர்க் கம்பெனிக்கு போன் போட்டு, இரண்டாவது எடைமேடைக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். அவர்கள் டேப்போடு வந்து ஆலை வாசலை அளந்துகொண்டிருந்தபோதுதான் முதலாளிக்கே தெரிந்தது. மேலாளர் வந்தவர்களை அனுப்பிவிட்டு, முதலாளியையும் எப்படியோ சமாளித்தார். அக்கா வீட்டுக்கு வந்தார், படுத்தார். மாமா சட்டையை மாட்டிக்கொண்டு நாலாவது காமாலையைச் சொல்லக் கிளம்பினார். அன்று நான் வாசலை மறித்து நின்று போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். மாமா போகவில்லை; உடம்பு சரியில்லை என்று மட்டும் ஆலைக்குச் சொல்லி அனுப்பினோம்.

உடம்பு தேறியதும் அக்கா சொன்னார்: "நானே போய்ச் சொல்றேன். நீ கூட வா, வாயத் தொறக்காத." மாமா குறுக்கே விழுந்தார். "சொன்ன அன்னைக்கே சீட்டக் கிழிச்சுருவாக" என்றார். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இந்த வேலையும் போனால் அக்காவை மறுபடி எழுப்ப முடியாது என்று நினைத்தேன். ஆனாலும் போனோம்.

"சார், எனக்கு மஞ்சக் காமாலை இல்ல. எப்பவுமே இருந்ததில்ல" என்றார் அக்கா.

மேலாளர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. "பின்ன என்னம்மா?" என்றார்.

"மனசுக்கு வர்ற நோய். மாத்திரை சாப்பிடுறேன். தூக்கம் கெட்டா கூடிரும். ராத்திரி வேலை எனக்கு ஆகாது சார், பகல்ல போடுங்க."

அவர் முதலில் கேட்டது வேறு. "அப்ப நான் பறிச்சுக் குடுத்து விட்ட கீழாநெல்லி?"

"அம்புட்டையும் குடிச்சேன் சார். பாவம் ஆசையா அனுப்புறீகளேன்னு."

அவர் சிரிப்பார் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. "எடையில தப்பு வந்தா யாரும்மா பொறுப்பு?" என்றார்.

"தப்பு வர்ற மாதிரி இருந்தா நானே எந்திரிச்சுப் போயிருவேன். நான் எந்திரிக்கலேன்னா நீங்க எந்திரிக்கச் சொல்லுங்க, கேட்டுக்கிறேன். ஊருக்கு மட்டும் சொல்லிராதீக."

முதலாளியைக் கேட்டுச் சொல்வதாக அனுப்பிவிட்டார். பதில் வரும்வரை நான் வீட்டில் எல்லார் மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன். அக்காவோ ஒன்றும் நடக்காததுபோல் தினமும் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்துகொண்டார். கடைசியில், மூன்று மாதம் பகலில் போட்டுப் பார்ப்போம் என்றார்கள். அந்த மூன்று மாதம் முடிந்துவிட்டது என்று அவரிடம் யாரும் சொல்லவே இல்லை. இருபது வருடத்துக்கு மேல் அக்கா அந்தக் கண்ணாடி அறையில் இருந்தார்.

நோய் போய்விட்டது என்று நினைத்துவிட வேண்டாம். நல்லபடியாக இருக்கும்போதெல்லாம் "நல்லாத்தானடி இருக்கேன்" என்று மாத்திரையை நிறுத்துவார். மாத்திரையால்தான் நல்லபடியாக இருக்கிறார் என்பதை நான் எத்தனை முறை கத்தியிருப்பேன் என்று எங்கள் தெருவைக் கேட்டால் தெரியும். மருந்தின் அளவு பார்க்கும் இரத்தப் பரிசோதனைக்குக் கிளப்புவதற்குள் எனக்கு இரத்தக் கொதிப்பு வந்துவிடும். படுக்கிற மாதங்களில் பஸ் ஸ்டாண்டு வரை இழுத்துக்கொண்டு போய் ஏற்றிவிடுவேன். திட்டிக்கொண்டே ஏறுவார், ஆனால் ஏறுவார். பொங்குகிற மாதங்களில் மேலாளருக்கு போன் போட்டு, "வேலைய விடுறேன், சொந்தமா மில்லு கட்டப் போறேன்" என்பார். அவர் அசரவே மாட்டார். "கட்டுங்கம்மா. லீவு முடிஞ்சு வந்து எழுதிக் குடுங்க" என்பார். லீவு முடிந்து வருகிற அக்கா எதையும் எழுதிக் கொடுத்ததில்லை.

நன்றியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் போட்டால் பந்திக்கு எழுந்து போய்விடுவீர்கள். அந்த மேலாளருக்கு நன்றி. ஓய்வு பெற்றுப் போகும்போது அவர் அடுத்து வந்தவரிடம் அக்காவைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போனார். அதற்கு முன் அக்காவிடம் அனுமதி கேட்டார், அதற்குத் தனியாக நன்றி. ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் திட்டிய மதுரை மருத்துவருக்கும், அக்கா கேட்டால் வண்டியை விட்டு இறங்கிய டிரைவர்களுக்கும் நன்றி. மாமாவுக்கும் நன்றி. மாதாமாதம் மதுரைக்குப் போய் மருந்து வாங்கி வந்தவர் அவர்தான், சத்து மாத்திரை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு. உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை வேலையை விட்டு வந்து அறைக்குள் படுத்திருந்தால், கோயிலுக்குப் போகிற வழியில் தயவுசெய்து ஒரு மருத்துவரையும் பாருங்கள். அந்தப் பிள்ளையைக் கேட்காமல் ஆபீசுக்கு எதையாவது சொல்லிவிடாதீர்கள்.

போன வருடம் ஒரு நாள் காலையில் வேலைக்குக் கிளம்பி, சாப்பாட்டுப் பையைக் கையில் எடுத்த அக்கா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமாவும் நானும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பெயர், வயது, சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் நான் சொன்னேன், மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னேன். பதிந்துகொண்டிருந்த பெண் "என்ன வேலை பாக்குறாங்க?" என்று கேட்டார். மாமா முந்திக்கொண்டார். "வேலையெல்லாம் ஒன்னுமில்லம்மா, முடியாத பிள்ள, வீட்லதான் இருக்கு."

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அக்கா முகத்தில் மாட்டியிருந்த ஆக்ஸிஜன் மாஸ்க்கைக் கையால் தூக்கினார். நர்ஸ் தடுப்பதற்குள் சொல்லிவிட்டார்.

"எடைமேடையில வேலை. பகல் ஷிப்ட்டு."

அக்கா கடைசியாகப் பேசியது அதுதான். அந்தப் பெண் மாமா சொன்னதை அடித்துவிட்டு, அக்கா சொன்னதை எழுதிக்கொண்டார்.