அமரர் சொக்கலிங்கம் பேசுகிறேன்

"டைட்டில் போடுற அம்மாவா? நான் அமரர் சொக்கலிங்கம் பேசுறேன்."

காலை பத்து மணி. காரைக்குடியில் என் வாடகை மாடியில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஆறிப்போன தோசையைத் தின்றுகொண்டிருந்தேன். எரிச்சலாக வந்தது.

"யாருண்ணே நீங்க? காலங்காத்தால கிண்டலா?"

"கிண்டலா? நீங்கதானே தாயி என்னையச் சாகடிச்சீக!"

விஷயம் இதுதான். கீழச்சிவல்பட்டியில் ஒரு பெரிய வீட்டில் எடுத்த படம். அதன் ஆரம்ப டைட்டில் என் வேலை. ஒரு தேக்குக் கதவு மெல்லத் திறக்கும், அதன் மேல் பெயர்கள் வந்து போகும். பாப்கார்னும் அரட்டையுமாக நுழைகிற ஜனத்தைக் கதைக்குள் உட்கார வைப்பதற்குத்தான் டைட்டில். கதவு அதற்குத் தோதாக இருந்தது. படத்துக்காக அந்தக் கதவைச் செய்த ஆசாரிதான் இந்தச் சொக்கலிங்கம்.

கம்பெனி அனுப்பிய பெயர்ப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே 'லேட்' என்று இருந்தது. நான் 'அமரர்' போட்டுவிட்டேன்.

உடனே சென்னையில் இருந்த உதவி இயக்குநருக்குப் போன் போட்டேன்.

"ஐயோ மேடம், அவர் பேரு லிஸ்ட்டுக்கு லேட்டா வந்துச்சுன்னு நான் எனக்குப் போட்டுவச்ச குறிப்பு அது. விடுங்க மேடம், டைட்டிலை யாரு படிக்கிறா?"

"செத்தவரே படிச்சிருக்காருப்பா" என்றேன்.

பையனை மட்டும் திட்டி என்ன பயன்? பெயர் போட்ட ஒரு கார்டு திரையில் எத்தனை விநாடி நிற்க வேண்டும் என்பதற்கு என்னிடம் ஒரு கணக்கு உண்டு. வாய்விட்டு இரண்டு தடவை படிப்பேன், அந்த நேரம்தான் அளவு. 'அமரர் சொக்கலிங்கம்' என்றும் இரண்டு தடவை சத்தமாகப் படித்திருக்கிறேன். பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால், "அடடா, எப்பச் செத்தாரு?" என்று கேட்டிருப்பார். எனக்குத்தான் பக்கத்தில் ஆளே கிடையாதே. சென்னையை விட்டு வந்த பிறகு சுவரோடுதான் பேச்சு.

மறுநாள் ஆசாரியின் ஊரான கோவிலூருக்குப் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். மனைவி இல்லை, மகள் கோயம்புத்தூரில். அவரே டீ போட்டுக் கொடுத்து, நான் குடியிருக்கும் இடத்தை விசாரித்தார்.

"பேரு தப்பா வந்ததுகூடப் பெருசில்ல தாயி. படம் வந்து பத்து நாளாச்சு. நம்ம ஊரு தியேட்டர்லதான் ஓடுது. ஒரு பய போன் போட்டு, 'என்னய்யா, இருக்கியா போயிட்டியா'ன்னு கேக்கலையே!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். அந்தப் பத்து நாளில் என் போனுக்கு வந்ததும் லோன் வேணுமா என்கிற அழைப்பு மட்டும்தான். அதை அவரிடம் சொன்னேன். அதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

கம்பெனியோடு சண்டை போட்டு, ஓடிடி பிரதியில் 'அமரரை' எடுக்க வைத்தேன். அங்கே டைட்டிலைத் தாண்டிப் போக ஒரு பட்டன் வேறு இருக்கிறது. இருந்தால் என்ன, அவர் தாண்டாமல் பார்த்தார். அதிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் போன் வரும்: "அமரர் பேசுறேன். இன்னும் இருக்கேன்." அவ்வளவுதான் பேச்சு. வியாழக்கிழமையே நான் அதற்குக் காத்திருக்க ஆரம்பித்துவிடுவேன். சொல்லிக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான். டைட்டிலை யாரும் படிப்பதில்லை என்பார்கள், நம்பாதீர்கள். அந்தப் பெயருக்கு உரியவர் படிப்பார். சந்தேகம் வந்தால் கூப்பிட்டு, ஆள் இருக்கிறாரா என்று கேட்டுவிடுங்கள்.

போன மாதம் எனக்குக் கடும் காய்ச்சல். போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. வெள்ளிக்கிழமை என்பதே நினைவில்லை. நடு மத்தியானத்தில் யாரோ கீழே கேட்டைப் போட்டுத் தட்டினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தேன். சைக்கிளைச் சாய்த்துவிட்டு, வேர்த்து விறுவிறுத்து, சொக்கலிங்கம் அண்ணன் அண்ணாந்து நின்றார்.

"தாயி! இருக்கீகளா?"

ஜன்னலை முழுதாகத் திறந்தேன்.

"இருக்கேண்ணே" என்றேன்.